மோட்டார் சைக்கிளும் சில மலிவான திருத்தங்களும்

திருவதிகை வீரட்டானத்தின் பெருமையை அறிந்தோர் யாவரும், முப்புரம் எரிக்கச் சிவபெருமான் ஏறிய தேரின் கதையையும் அறிவர். நிலவுலகம் தட்டாகவும், ஞாயிறும் திங்களும் சக்கரங்களாகவும், நான்மறைகள் குதிரைகளாகவும் அமைந்த அத்தேர் நடுவழியில் அச்சு முறிந்து நின்றதென்றும், அங்ஙனம் அச்சு இற்ற இடமே அச்சிறுபாக்கம் எனப் பெயர் பெற்றதென்றும் சொல்வர். தேவர்கள் கூடிச் செய்த தேருக்கே அந்நிலை நேர்ந்ததெனின், தவணைக்கு வாங்கி, வாங்கிய நாள்முதல் செயினுக்கு ஒரு துளி எண்ணெயும் காட்டாது நாம் ஓட்டும் மோட்டார் சைக்கிள்கள் நெல்லிக்குப்பத்துச் சாலையோரம் நின்றுவிடுவதில் வியப்பொன்றுமில்லை.

ஒரு நாள் காலையில் நம் கலாசாலையின் வாகனக் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். திருவதிகையிலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் நாள்தோறும் வரும் மாணாக்கரின் வண்டிகள் அங்கே வரிசையாய் நின்றன. பலவற்றில் கைப்பிடி புதிது, ஒட்டுப்படம் புதிது, கண்ணைக் கூசச்செய்யும் விளக்கும் புதிது, செயின் மட்டும் செம்மண்ணும் துருவுமாய்த் தொங்கிற்று. அவற்றுள் சில மாணாக்கருக்கே உரியவை அல்ல. மாலையிலும் விடுமுறை நாட்களிலும் அவர்தம் தந்தைமார் பலாவும் முந்திரியும் ஏற்றிச் செல்லும் வண்டிகள் அவை. பலாக்காலத்தில் அவ்வண்டி ஒரு நாள் பட்டறையில் கிடந்ததெனின், அக்குடும்பத்தின் அன்றைய வரும்படி போயிற்று. ஆதலின் நாம் இங்கே பேசப் புகுந்தது இளைஞரின் விளையாட்டைப் பற்றியதென்று எவரும் எண்ணற்க.

நம் கருத்து இது. வண்டியைப் பேணாமைக்குக் காரணம் சோம்பல் மட்டுமன்று; பேண வேண்டிய உறுப்பு கண்ணுக்குத் தெரியாமலும் கைக்கு எட்டாமலும் இருப்பதே பெருங்காரணம். அவ்வுறுப்பைக் காணவும் தொடவும் எளிதாக்கிவிட்டால், சோம்பேறியும் தன் வண்டியைப் பார்த்துக்கொள்வான். அங்ஙனம் எளிதாக்குதற்கு வேண்டிய செலவோ, ஒரு ஒட்டுப்படத்தின் விலைக்கு மேல் பெரும்பாலும் போகாது.

முன்னாளில் இத்தொல்லை குறைவு. 1955-இல் மதராஸ் மோட்டார்ஸாரும் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு கம்பெனியாரும் கூடி என்பீல்டு இந்தியாவைத் தொடங்கினர். அவர்கள் திருவொற்றியூரிலிருந்து அனுப்பிய பழைய புல்லட் வண்டியில், ஒரு சிறு மூடியைத் திறந்து, தண்டை விரலால் சுழற்றிப் பார்த்தே டேப்பட்டின் இடைவெளி சரியா என்று அறியலாம். 1980-இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 மொபெட்டிலோ பிளக்கும் கார்புரேட்டரும் வெட்டவெளியில் நின்றன. பள்ளிச் சிறுவனும் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து மாட்டினான். இக்காலத்து வண்டிகள் அவற்றினும் திறமையும் தூய்மையும் உடையன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அவை பிளாஸ்டிக் சட்டை அணிந்துகொண்டன. அச்சட்டையின் பொத்தான்களே நமக்குப் பகையாயின.

பொத்தான் என்றது ஸ்க்ரூக்களை. பக்கவாட்டு மூடியையும் ஏர் பில்டர் மூடியையும் பல வண்டிகளில் ஸ்டார் ஸ்க்ரூக்களே பிடித்து நிற்கின்றன. ஜப்பானியர் முறையில் அமைந்த அத்தலையின் குழிவும், கடையில் விற்கும் சாதாரண ஸ்க்ரூடிரைவரின் நுனியும் காண்பதற்கு ஒன்றேயாயினும் அளவில் சற்று வேறுபட்டவை. துருப்பிடித்த ஸ்க்ரூவை அதைக்கொண்டு வலிந்து திருகினால், நுனி வழுக்கி வெளியேறித் தலையை மழுக்கிவிடும். சில ஆண்டுகட்கு முன் நம் மொபெட்டின் ஏர் பில்டர் மூடி ஸ்க்ரூவை ஒரு பட்டறையில் இவ்வாறே மழுக்கிக் கொடுத்தனர். அதன்பின் இரண்டாண்டுக் காலம் அம்மூடியை நாம் திறக்கவேயில்லை. திறக்க முடியாதென்பதே திறவாமைக்கு நல்ல சாக்காயிற்று. வண்டி மேட்டில் திணறிற்று. பெட்ரோலை மிகுதியாய்க் குடித்தது. எண்ணெய் தரமில்லை என்றோம், சாலை சரியில்லை என்றோம். கடைசியில் ஸ்க்ரூவைத் துளையிட்டு எடுத்துப் பார்த்தபோது பில்டர் அடைகோழியின் கூடுபோல் இருந்தது.

இதற்கு மாற்று மிக எளிது. அந்த ஸ்க்ரூக்களுக்குப் பதிலாக, அதே மரையும் அதே நீளமும் உடைய அறுகோணத் தலை போல்ட்டுகளை இரும்புக்கடையில் வாங்கி, மரையில் சிறிது கிரீஸ் தடவி மாட்டிவிட வேண்டும். ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுகள் பெரும்பாலும் பத்தாம் நம்பர் ஸ்பேனருக்கு அடங்கும். வண்டியில் வேறு பல இடங்களுக்கும் அதே ஸ்பேனர் உதவும். நீளத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஒரு நூலளவு மிகுந்தாலும் உள்ளே இருப்பதை இடித்துவிடும். கழற்றிய ஸ்க்ரூவைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவதே முறை. இத்திருத்தத்தைச் செய்த பின்னர் நாம் திங்கள்தோறும் பில்டரைத் தட்டித் துடைத்து வருகிறோம். நம் ஒழுக்கம் உயர்ந்துவிட்டதென்று கூற மாட்டோம். மூடி எளிதாய்த் திறக்கிறது, அவ்வளவே.

அடுத்து வருவது செயின். முந்திரித் தோப்பு மண்ணும் மழைச்சேறும் முன்சக்கரத்திலிருந்தே புறப்பட்டு எஞ்சின்மேலும் செயின்மேலும் வீசப்படுகின்றன. முன் மட்கார்டின் அடிமுனையில் பழைய டயரின் பக்கத்திலிருந்து அறுத்த ரப்பர்த் துண்டு ஒன்றை இரண்டு போல்ட்டால் தொங்கவிட்டால், அச்சேற்றில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். துண்டு சக்கரத்தையோ தரையையோ தொடாதிருக்க வேண்டும். செயினை முழுதும் மூடிய கவர் உள்ள வண்டிக்காரர்கள் தூசு புகாதென்று களித்து, உள்ளே செயின் இருப்பதையே மறந்துவிடுகின்றனர். அக்கவரில் ஒரு சிறு ரப்பர் மூடி உண்டு. அதை விரலால் நீக்கினால் செயின் எவ்வளவு தொய்ந்திருக்கிறதென்று பார்க்கலாம், எண்ணெயும் விடலாம். கொட்டகையில் கண்ட மாணாக்கர் சிலரைக் கேட்டோம். அம்மூடி எதற்கென்று ஒருவரும் அறிந்திலர்! அதன்மேல் வெள்ளைப் பெயிண்டால் ஒரு புள்ளி வைப்பதும் ஒரு திருத்தமே. புள்ளியைக் கண்ட கண் மூடியை நினைக்கும்.

செயின் தானே எண்ணெய் பெறுமாறு செய்யும் கருவியை ஸ்காட்லாந்து தேசத்தில் பிரேசர் ஸ்காட் என்பவர் 1980-களில் ஸ்காட்டாய்லர் என்னும் பெயரால் வெளியிட்டார். நம் நாட்டு இளைஞர் சிலர் அதையே மருத்துவமனையில் குளுகோஸ் ஏற்றும் குழாயைக் கொண்டு செய்துகொள்கின்றனர். ஒரு சிறு புட்டி. அதினின்றும் இறங்கும் குழாய். துளியைக் கூட்டவும் குறைக்கவும் அக்குழாயிலேயே உள்ள சிறு உருளை. அறிவு நன்றே, ஆயினும் நாம் அதை எல்லார்க்கும் பரிந்துரையோம். எஞ்சினை நிறுத்தினாலும் இதில் எண்ணெய் தானாக நில்லாது. உருளையை மூட மறந்தால் எண்ணெய் பின் டயரில் வழியும். அந்த டயரோடு ஈரச்சாலையில் வளைவு திரும்புவோனுக்கு நேர்வது யாதென்று சொல்ல வேண்டுவதில்லை. மறதியுடையார் நீண்ட பயணத்தின் முடிவில், செயின் சூடாய் இருக்கையில், கியர் ஆயிலைக் கையால் இட்டு மிகுதியைத் துடைத்துவிடுவதே போதும். எஞ்சினை அணைத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றியே அதைச் செய்க. எஞ்சின் ஓடும்போது செயினுக்குத் துணி கொடுப்போர் விரலையும் சேர்த்துக் கொடுக்கின்றனர்.

கிளட்ச் கேபிளுக்கு ஒரு பழைய உபாயம் உண்டு. கேபிளின் மேல்முனையைக் கைப்பிடியிலிருந்து விடுவித்து, பாலிதீன் உறையின் மூலையைக் கூம்புபோல் அறுத்து அதன் வாயில் இறுகக் கட்டி, உள்ளே சிறிது மெல்லிய எண்ணெய் விட்டு இரவு முழுதும் நிற்கவிட்டால், விடியலில் எண்ணெய் கீழ்முனையில் துளிக்கும். உள்ளே வழவழப்பான உறையிட்டு வரும் புதுவகைக் கேபிளுக்கு இது வேண்டா. இமயமலைப் பக்கம் நெடும்பயணம் போகும் புல்லட் ஓட்டிகள் மாற்றுக் கேபிள் ஒன்றைப் பழையதன் பக்கத்திலேயே ஓட்டிக் கட்டிவைப்பர். அறுந்தால் இரு முனைகளையும் மாற்றிக் கோத்தால் ஆயிற்று. கடலூருக்கும் பண்ருட்டிக்கும் இடையே போவோர்க்கு அவ்வளவு முன்னேற்பாடு வேண்டுமா என்பது அவரவர் கேபிளின் வயதைப் பொறுத்தது.

நட்டுகளுக்கு நகப்பூச்சு போதும். நட்டைச் சரியாய் இறுக்கியபின் நட்டின்மேலும் அதன் அடித்தளத்தின்மேலும் சேர்ந்தாற்போல் ஒரு கோடு இழுத்துவிடுக. கோடு முறிந்து விலகியதெனின் நட்டு தளர்ந்தது என்று நின்ற இடத்திலிருந்தே அறியலாம். பெருந்தொழிற்சாலைகளிலும் இம்முறை உண்டு. தமக்கையாரின் அனுமதி பெற்றே பூச்சை எடுக்க வேண்டும் என்பது மட்டும் அங்கில்லாத விதி. பாட்டரி முனைகளில் வாசலின் தடவுவதும், முன் போர்க்கின் பளபளக்கும் தண்டுக்கு ரப்பர் உறை மாட்டுவதும், கடற்காற்று வீசும் நம் ஊர்ப்பக்கத்தில் செய்யத்தக்கவை. தோப்பு மணலில் சைடு ஸ்டாண்டு புதைந்து வண்டி சாய்கிறதெனின் அதன் அடியில் உள்ளங்கையளவு இரும்புத் தகடு ஒன்றைப் பற்றவைக்கலாம். பற்றவைக்குமுன் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

2024 நவம்பர் 30-ஆம் நாள் பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறிற்று. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையினின்று பெருநீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணை கரைபுரண்டு கடலூர்ப் புறங்களிற் புகுந்தது. நீரில் மூழ்கிய வண்டியைக் கண்டதும் உதைத்துப் பார்ப்பதே நம்மவர் இயல்பு. சிலிண்டருள் நீர் இருப்பின் அது அமுங்காது. பிஸ்டனைத் தள்ளும் தண்டே வளையும். அரை மணிப் பொறுமை அந்தப் பெருஞ்செலவைத் தவிர்க்கும். சாவியைத் தொடாது பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றுக. எஞ்சின் ஆயில் பால் கலந்த காப்பி நிறமாய் இருப்பின் மாற்றுக. ஏர் பில்டர் பெட்டியின் அடியில் முனை அடைத்த சிறு குழாய் ஒன்று தொங்கும். அதைத் திறந்து வடிக்க. அக்குழாய் ஒளி ஊடுருவாததாயின், தெளிந்த பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை அவ்விடத்தில் வைத்துக்கொண்டால், உள்ளே நீர் நிற்பது ஒவ்வொரு மழைக்குப் பின்னும் கண்ணுக்குத் தெரியும். பிளக் ஸ்பேனர் ஒன்றை இருக்கையின் அடியில் வைத்திராதவர்க்கு இவ்வுபதேசம் யாவும் வீண்.

தொடலாகாதவையும் உள. கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியில் பெட்ரோல் குழாயின் இடையே தெளிந்த சிறு பில்டர் ஒன்றைச் செருகலாம். 2020 ஏப்ரல் முதல் நாள் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்தபின், எரிபொருளைப் பீச்சும் முறையே பெரும்பாலும் வருகிறது. அதன் குழாயில் பெட்ரோல் மிகுந்த அழுத்தத்தில் ஓடும். அங்கே இவ்விளையாட்டு தீயை வரவழைக்கும். பிரேக்கிலும் கைத்திறன் காட்டற்க. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்து 52-ஆம் பிரிவு, பதிவுச்சான்றில் கண்ட விவரங்கள் தயாரித்தோர் குறித்தவற்றினின்றும் வேறாகும்படி வண்டியை மாற்றலாகாதென்கிறது. 2019-இல் வந்த திருத்தம், முறைகேடான மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு திங்கள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடந்தருகிறது. நாம் கூறியவை வண்டியின் அளவையோ ஒலியையோ ஒளியையோ மாற்றுவன அல்ல. இடிபோல் முழங்கும் சைலன்சரை மாட்டிக்கொண்டு அதையும் 'திருத்தம்' என்பாரோடு நமக்கு உறவில்லை.

கம்பெனிச் சர்வீஸ் இருக்கையில் நமக்கேன் இவ்வேலை என்பர் சிலர். உத்தரவாதக் காலத்தில் அவ்வாறே செய்க. அதில் நமக்குத் தடையில்லை. ஆயின் வண்டி அக்காலத்தைக் கடந்தும் பல்லாண்டு ஓட வேண்டியது. உடையவனே தன் பொருளைப் பழுதுபார்க்கும் உரிமையைப் பற்றி உலகெங்கும் இன்று வழக்காடுகின்றனர். இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறையும் 2022 ஜூலையில் அதற்கென ஒரு குழுவை அமைத்தது. அது எடுத்துக்கொண்ட துறைகளுள் மோட்டார் வாகனமும் ஒன்று. அவ்வுரிமை சட்டமாய் வந்து சேர்ந்தாலும், மூடியைத் திறக்க முடியாதவனுக்கு அதனால் ஆவதென்ன? கையில் எண்ணெய்க் கறை படுவது கற்றோர்க்கு இழிவென்பாரும் உளர். திருவாமூரிற் பிறந்து திருவதிகையிற் பாடிய நாவுக்கரசர் கையில் உழவாரமும் இருந்ததென்று அன்னார்க்கு நினைவூட்டுகிறோம்.

நம் கலாசாலையாரிடம் நாம் வேண்டுவது சிறிது. வாகனக் கொட்டகையின் தென்மூலையில் ஒரு மரப்பெட்டி வைத்துக் கொடுக்கட்டும். அதில் எட்டு முதல் பதினான்கு வரை ஸ்பேனர்கள், பிளக் ஸ்பேனர், கால்பம்பு, எண்ணெய்க் குப்பி, கந்தைத் துணி, கழிவெண்ணெய் பிடிக்க ஒரு தகரத் தட்டு இவ்வளவு இருந்தாற் போதும். தட்டில் சேர்வதைக் கெடிலத்தில் ஊற்றாது, பழைய எண்ணெய் வாங்குவோரிடம் சேர்ப்பிக்க வேண்டும். பௌதிகப் பகுதி ஆசிரியர்கள் திங்களுக்கொரு சனிக்கிழமை ஒரு மணி நேரம் உடனிருந்தால், மழுங்கிய ஸ்க்ரூ ஒவ்வொன்றாய் அக்கொட்டகையினின்று மறையும். பெட்டிக்கு வேண்டிய பலகை தருவதாகப் பழைய மாணவர் ஒருவர் முன்னரே வாக்களித்திருக்கிறார். பெட்டியின் சாவி எவரிடம் இருப்பதென்பதில் மட்டும் இன்னும் முடிவு காணவில்லை. அலுவலகத்தில் வேண்டா என்பது நம் அபிப்பிராயம், ஏனெனில் செயின் அறுவது பெரும்பாலும் அலுவலகம் மூடிய பின்னரே.