"பூசம் முடியட்டும்"னு டைமிங் செயினைத் தள்ளிப் போடாதீங்க

 

தொண்டு செய்யும் எங்கள் குழுவுக்கு வண்டி இல்லாமல் ஒரு வேலையும் ஓடாது. அரிசி மூட்டை, மோர் டின், நாற்காலி, பந்தல் சாமான், நடக்க முடியாத வயசானவங்க எல்லாமே அன்பர்கள் கொடுக்கும் வேனிலும் காடியிலும்தான் வருகிறது. அதில் பல வண்டிகள் பத்து பதினைந்து வருஷம் ஓடியவை. காலையில் சாவி போட்டதும் என்ஜின் ஓரத்தில் இரண்டு விநாடி 'கடகட'ன்னு ஒரு சத்தம் வந்து அடங்கிவிடும். கேட்டால், "அது ரொம்ப நாளா இருக்குண்ணே, பூசம் முடியட்டும், பார்த்துக்கலாம்" என்பார்கள். இந்தப் பேச்சைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம்.

பழைய புரோட்டோன் சாகா, கஞ்சில் ஓட்டியவர்களுக்குத் தெரியும், அதில் இருந்தது ரப்பர் டைமிங் பெல்ட். கிலோமீட்டர் கணக்கு வந்ததும் கேள்வி கேட்காமல் மாற்றினோம். 2005-இல் வந்த மைவியில் செயின். உடனே "செயின்னா ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்" என்று ஒரு பேச்சு கிளம்பி, அதுவே வேதவாக்கு ஆகிவிட்டது. புத்தகத்தில் கிலோமீட்டர் போடவில்லை என்றால் தேயாது என்று அர்த்தமில்லை. பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தொழிற்சாலையில் கன்வேயர் செயினோடு பழகிய எங்களுக்கு இது புதுசில்லை. செயின் 'நீளுது' என்கிறோமே, உண்மையில் இரும்பு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின் தேயும், புஷ் தேயும், அத்தனை தேய்மானமும் சேர்ந்து நீளமாகத் தெரியும். ஒரு அங்குல பிட்ச் செயினில் 12 கண்ணி புதுசில் 304.8 மில்லிமீட்டர் இருக்கும். அது 3 சதவீதம் கூடி 314-ஐத் தொட்டால் கழற்றிவிடுவது பொது வழக்கம். டைமிங் செயினுக்கு அவ்வளவு தாராளம் கிடையாது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று, அந்தக் கணக்கைப் பிடித்து வைத்திருப்பதே அந்தச் செயின்தான். கொஞ்சம் நீண்டாலும் வால்வு தாமதமாகத் திறக்கும், இழுவை குறையும். பல் தாவிவிட்டால், பல என்ஜின்களில் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும். அதோடு என்ஜின் நின்றுவிடும்.

ஓடுகிற வண்டியில் என்ஜின் நின்றால் ஸ்டியரிங் கல்லாகிவிடும். பிரேக்குக்கு உதவும் காற்றழுத்தம் ஓரிரண்டு மிதிக்குத்தான் வரும். நடுச்சாமத்தில் எம்.ஆர்.ஆர்.2-இல், பின்னால் லோரி வர, வேனுக்குள் பால்குடம் எடுத்துக் களைத்துத் தூங்கும் பிள்ளைகளோடு அப்படி நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

தைப்பூசக் கூட்டத்தில் இன்னொரு சங்கதி. ஜாலான் துன் எச்.எஸ். லீ மகா மாரியம்மன் கோயிலில் வெள்ளி ரதம் புறப்பட்டுவிட்டால் ரோட்டில் வண்டி ஊர்ந்துதான் போகும். ஏர்கோன் போட்டபடி மணிக்கணக்கில் நிற்போம். மீட்டரில் ஐந்து கிலோமீட்டர் ஏறியிருக்கும், என்ஜின் மூன்று மணி நேரம் உழைத்திருக்கும். சூடேறிய ஆயில் தண்ணியாகி, மெதுவாகச் சுற்றும்போது அதன் அழுத்தம் குறையும். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பல வண்டிகளில் அந்த அழுத்தத்தை நம்பித்தான் வேலை செய்கிறது. அதனால் கிலோமீட்டரை மட்டும் பார்த்து "இன்னும் ஓடும்" என்று சொல்வது பட்டணத்து வண்டிக்குச் சரிவராது.

ஆயில் விஷயத்தில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியே பாடம் படித்தது. அவர்களுடைய 3.6 லிட்டர் வி6 என்ஜின்களில் செயின் சீக்கிரம் தேய, ஆயில் மாற்றச் சொல்லும் கணினிக் கணக்கையே திருத்தி, முன்னைவிடச் சீக்கிரம் மாற்றும்படி செய்தார்கள். நம்ம ஆட்கள் ஆயிலை இழுத்தடித்துவிட்டு, பழியைச் செயின் மேல் போடுகிறார்கள்.

அதற்காக, சத்தம் வந்ததும் பட்டறைக்காரர் சொல்கிறபடி பணத்தைக் கொட்டச் சொல்லவில்லை. டேப்பட், புல்லி, வெப்பத் தகடு எல்லாமே இப்படிச் சத்தம் போடும். பயமுறுத்திச் செயின் மாற்றும் இடங்களும் இருக்கின்றன. காலையில் ஒரு விநாடி மட்டும் சத்தம், வேறு குறை இல்லை என்றால், முதலில் சரியான கிரேடு ஆயிலும் நல்ல பில்டரும் மாற்றிக் கேளுங்கள். சத்தம் நீண்டால், அல்லது என்ஜின் சூடான பிறகும் கேட்டால், டென்ஷனரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் கம்பி கடைசிப் பல் வரை வெளியே வந்திருந்தால், இனி இறுக்க அதற்கு இடமில்லை. ஸ்கேனர் போட்டு பி0016 என்ற கோடு வந்தால் கிராங்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். சென்சார் கோளாறாகவும் இருக்கலாம், ஆனால் சத்தமும் சேர்ந்து இருந்தால் அந்த வண்டியில் ஆள் ஏற்றாதீர்கள்.

"எனக்குக் காட்டுங்க" என்று போர்மேனிடம் கேட்பதில் வெட்கமே வேண்டாம். எடுத்த செயினைப் புதுசின் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மாற்றும்போது செயின், டென்ஷனர், கைடு எல்லாம் சேர்த்து மாற்றுங்கள், பல்சக்கரம் தேய்ந்திருந்தால் அதையும்தான். தேய்ந்த பல்லில் புதுச் செயின் போட்டால் புதுசும் கெடும். ஹாஃப்கட் கடையில் பழைய செயின் வாங்குவதை நாங்கள் ஒத்துக்கொள்ளவே மாட்டோம். அது எத்தனை வருஷம் ஓடியது என்று யாருக்குத் தெரியும்? ஆயில் கசிவுக்காக முன் மூடியைத் திறக்கிறார்கள், வண்டியும் இரண்டு லட்சம் தாண்டியது என்றால், கூலியை ஒரே தடவையோடு முடித்துவிடுங்கள். வால்வு வளைந்த பிறகு போனால் நூறுகளில் முடிய வேண்டியது ஆயிரங்களில் நிற்கும்.

புது வண்டி எடுத்தால் பூஜை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டுகிறோம். பதினைந்தாவது வருஷம் அதே வண்டிக்கு ஆயில் மாற்ற யோசிக்கிறோம். முருகன் காப்பான், சரி. ஸ்பேனர் பிடிக்க வேண்டியது யார்?

பூசத்துக்கு வண்டி தருவதாகச் சொன்ன அன்பர்கள், இரவு முழுக்க ஆறிய என்ஜினைக் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது, வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் நிற்க வைத்துக் கைப்பேசியில் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். தினமும் ஓட்டுகிறவர் காதுக்கு அது பழகிப் போயிருக்கும். சந்தேகமாக இருந்தால் பட்டறையில் காட்டுங்கள், எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த வண்டிக்குப் பதில் வேறு ஏற்பாடு செய்து கொள்கிறோம், யாரும் குறை சொல்ல மாட்டோம்.