கொட்டகையைக் கட்டியவர் யார்?

1931-ம் ஆண்டு, சென்னைவாசிகளுக்கு இரண்டு புதுமைகளைக் கொண்டு வந்தது.

அந்த ஆண்டு மே மாதம் 11-ந் தேதி, கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரெயில் பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி, “காளிதாஸ்” என்ற முதல் தமிழ்ப் பேசும் படம், சென்னை கினிமா சென்ட்ரல் கொட்டகையில் திரைக்கு வந்தது. ரெயில் ஊர்களை இணைத்தது. சினிமா, ஊராரை ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்தது.

“காளிதாஸ்” படத்தில் நடித்த டி.பி.ராஜலட்சுமியை நாம் அறிவோம். அதை இயக்கிய எச்.எம்.ரெட்டியையும் அறிவோம். ஆனால் நாம் படம் பார்த்த கொட்டகைகளுக்கு வரைபடம் போட்டவர்கள் யார்? அதை நாம் கேட்டதே இல்லை!

பேச்சு வந்தது; சிக்கலும் வந்தது

படம் ஊமையாக இருந்தவரை வேலை சுலபம். இருட்டான இடமும், வெள்ளைத் துணியும், படம் காட்டும் கருவியும் போதும். கூடாரத்திலேயே காட்டி விடலாம்.

படம் பேசத் தொடங்கியதும் சுவருக்கும் வேலை வந்துவிட்டது. வெறும் சுவரில் ஒலி மோதித் திரும்பினால், ஒரு வசனத்தின் மேல் இன்னொரு வசனம் விழும். காதில் இரைச்சல்தான் மிஞ்சும். அதனால் சுவரையும் கூரையையும் ஒலிக்கு ஏற்றபடி அமைக்க வேண்டும்.

மாடியைத் தூண்கள் தாங்கினால், பின்னால் இருப்பவருக்குத் திரை மறையும். தூண் இல்லாமல் மாடியை நிறுத்த இரும்பும் கான்கிரீட்டும் வேண்டும். அந்தக் காலத்துப் பிலிம் சட்டென்று தீப்பற்றக்கூடியது. ஆகவே படம் காட்டும் அறை தனியாக இருக்க வேண்டும். ஆபத்து வந்தால் ஆயிரம் பேரும் நெரிசல் இல்லாமல் வெளியேற வழி வேண்டும்.

இதற்கெல்லாம் கணக்குப் போட்டவர்கள்தான் கட்டிடக் கலைஞர்கள். முதல் உலகப் போர் முடிந்த 1918-க்கும், இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939-க்கும் இடைப்பட்ட காலத்தில் அவர்களின் கைவண்ணம் உலகமெங்கும் ஓங்கி நின்றது.

கடல் கடந்த கூட்டு

தாமஸ் லாம்ப் என்பவர் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். அமெரிக்காவில் நியூயார்க் நகரில் தொழில் நடத்தியவர். நாடக அரங்குகளையும் சினிமாக் கொட்டகைகளையும் வடிவமைப்பதில் பெயர் பெற்றவர். கல்கத்தாவில் 1935-ல் திறக்கப்பட்ட மெட்ரோ கொட்டகை அவர் வடிவமைத்தது. பம்பாயில் 1938-ல் இன்னொரு மெட்ரோ எழுந்தது. அதில் அவருடன் கைகோத்தவர், பம்பாயில் இருந்த டிச்பர்ன் என்ற கட்டிடக் கலைஞர்.

கொட்டகைக் கலையில் கைதேர்ந்தவர் ஒருவர். பம்பாயின் வெயிலையும் மழையையும் கண்டவர் மற்றவர். நல்ல கட்டிடத்துக்கு இந்த இரண்டு அறிவும் வேண்டும் அல்லவா?

அதே நகரில் 1933-ல் ரீகல் கொட்டகை திறக்கப்பட்டது. குளிர்சாதன வசதியோடு வந்த அதை வடிவமைத்தவர் சார்லஸ் ஸ்டீவன்ஸ். பம்பாயின் புகழ் பெற்ற விக்டோரியா ரெயில் நிலையத்தை வடிவமைத்தவரின் மகன் அவர். தந்தை ரெயிலுக்கு மாளிகை கட்டினார். மகன் சினிமாவுக்கு மாளிகை கட்டினார்!

1938-ல் சர்ச்கேட் ரெயில் நிலையத்துக்கு எதிரே ஈராஸ் கொட்டகை தோன்றியது. அதை வடிவமைத்தவர் சொராப்ஜி பேட்வார். ரீகலும் ஈராசும் இடம்பெற்ற கட்டிடத் தொகுதியை 2018-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கோவிலும் கோட்டையும் மட்டுமல்ல, சாமானிய மக்கள் சீட்டு வாங்கி நுழைந்த கொட்டகையும் காக்கத் தக்கது என்பதை உலகம் ஒப்புக்கொண்டு விட்டது.

நம் ஊரில் என்ன செய்கிறோம்?

சென்னை மவுண்ட் ரோட்டில் 1913-ல் திறக்கப்பட்ட எலெக்ட்ரிக் தியேட்டர் கட்டிடம், தபால் துறையின் கைக்குப் போனது. அதனாலேயே அது பிழைத்தது. ஆனால் அந்த அதிர்ஷ்டம் எல்லாக் கொட்டகைகளுக்கும் வாய்க்கவில்லை. 1914-ல் ரகுபதி வெங்கையா கட்டிய கெயிட்டி இன்று இல்லை.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிக் குடும்பங்களுக்குக் கொட்டகை என்றால் வெறும் கட்டிடமா? கைக்குழந்தையோடு தாய்மார்கள் வந்த இடம் அது. தரை டிக்கெட்டில் அமர்ந்து, எழுத்தறியாதவரும் உலகத்தைத் தெரிந்துகொண்ட பள்ளிக்கூடம் அது.

கொட்டகை முதலாளிகளைக் குறை சொல்வது நம் நோக்கம் அல்ல. ஆயிரம் இருக்கைகளில் நூறு கூட நிரம்பாவிட்டால் விளக்குச் செலவுக்கே கட்டாது. நிலத்தின் விலையோ வானத்தில் நிற்கிறது. நஷ்டத்தைச் சுமந்துகொண்டே இருங்கள் என்று யாரையும் சொல்ல முடியாது.

ஆனால் இடிப்பது ஒன்றுதான் வழி என்பதும் இல்லை. பம்பாய் மெட்ரோ 2006-ல் பல திரைகள் கொண்ட கொட்டகையாக மாறியது. அதன் பழைய முகப்பு அப்படியே நிற்கிறது. மூடிக் கிடந்த ஈராஸ் 2024-ல் புதிய திரையோடு மறுபடி திறக்கப்பட்டது. உள்ளே புதுமை, வெளியே பழமை. இது நம் ஊரிலும் முடியும்.

முடியாத இடத்தில் ஒரு காரியமாவது செய்யலாம். 1955-ம் ஆண்டுச் சட்டப்படி, கொட்டகை நடத்த அரசு உரிமம் வேண்டும். உரிமம் கேட்டவர்கள் வரைபடமும் கொடுத்தாக வேண்டும். அந்தத் தாள்களைத் தேடி எடுத்தால், வரைந்தவர் பெயர் கிடைக்கக் கூடும். தாம்பரம் இப்போது மாநகராட்சி. பழைய கொட்டகை ஒவ்வொன்றையும் படம் பிடித்து, கட்டிய ஆண்டையும் கட்டியவர் பெயரையும் மாநகராட்சி பதிவு செய்து வைக்க வேண்டும். கரையான் முந்துவதற்குள் நாம் முந்த வேண்டும்!

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கொட்டகை வாசலில் எடுத்த பழைய புகைப்படம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். தாத்தா பாட்டியிடம், முதல் படம் பார்த்த இடம் எது என்று கேட்டு எழுதி வையுங்கள்.

திரையில் ஓடிய படத்தை மறுபடி பார்க்கலாம். இடித்த கொட்டகையை மறுபடி பார்க்க முடியுமா?