காசெடுப்பார், காலம் கெடுப்பார்!

இணைய அங்காடிகளில் இன்று சில ஆயிரம் உருபாவிற்கு ஒரு கருவி விலையாகின்றது. விற்பார் அதனை மெட்டல் டிடெக்டர் என்பர். நாம் மாழைகாட்டி என்போம். நீண்ட கோலின் அடியில் வட்டத் தட்டொன்று. தட்டினுள் கம்பிச் சுருள். சுருளில் மாறிமாறி ஓடும் மின்னோட்டம் நிலத்துள் காந்தப்புலத்தை எழுப்பும். அப் புலத்தில் செம்போ வெள்ளியோ பொன்னோ அகப்படின், அதனுள்ளும் சிறு மின்னோட்டம் தோன்றும். அதனைக் கருவி உணர்ந்து காதில் ஒலிக்கும். ஒற்றைக் காசாயின் ஏறத்தாழ ஒரு சாண் ஆழம்வரை காட்டும்.

தன் தோட்டத்தில் தவறிய மோதிரத்தை ஒருவன் இதனைக்கொண்டு தேடுவானாயின், அவனை நாம் ஒன்றும் சொல்லோம். பழந்தமிழர் வாழ்ந்த மேட்டிலும் ஆற்றங்கரையிலும் இக் கருவியோடு திரிந்து, ஒலித்த இடமெல்லாம் குழிதோண்டிக் காசெடுத்து விற்பானையே ஈண்டுக் கேட்கின்றோம்: நீ எடுப்பது என்ன, அழிப்பது என்ன என்று அறிவாயோ?

'இங்கே மாழை உண்டு' என்பது மட்டுமே கருவிக்குத் தெரியும். அதனை இட்டவர் யார், இட்ட காலம் எது, அருகில் கிடந்த பானையோடு உடைந்ததோ அடுப்புச் சாம்பரில் புதைந்ததோ என்பனவெல்லாம் மண்ணுக்கே தெரியும். மண் அடுக்கடுக்காய்ப் படிவது. கீழடுக்கு முந்தியது, மேலடுக்குப் பிந்தியது. ஓர் அடுக்கில் காசும், பெயர் பொறித்த பானையோடும், எரிந்த தவசமும் ஒருங்கு கிடைப்பின் ஒன்று மற்றொன்றன் காலத்தைச் சொல்லும். காசை மட்டும் பிடுங்கி எடுத்தபின் அச் சொல் என்றைக்கும் மீளாது. தாள்களைக் கிழித்தெறிந்து நூலின் அட்டையை மட்டும் விற்பவனுக்கும் இவனுக்கும் என்ன வேற்றுமை?

பிறரைக் குறைகூறுமுன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகின்றேன். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், கொங்குநாட்டில் ஆற்றங்கரையூர் ஒன்றில் தமிழாசிரியனாய் இருந்தேன். வெள்ளம் வடிந்த நாள்களில் அவ்வூர் ஏழையர் சிலர் ஆற்றுமணலைச் சலித்துப் பொற்றுணுக்கும் பழங்காசும் தேடுவர். அவருள் ஒருவர் மகன் என் வகுப்பு மாணவன். ஒருநாள் பச்சைக் களிம்பேறிய நாற்கோணச் செப்புக்காசொன்றைக் கொணர்ந்து என் கையில் வைத்தான். ஒரு பக்கத்தில் விலங்கொன்றன் வடிவம்; மறுபக்கத்தில் களிம்பினூடே சில கீற்றுகள். "நன்றாய்த் துலக்கி நாளை கொண்டுவா, வகுப்பில் எல்லாரும் காணட்டும்" என்றேன். மறுநாள் கொண்டுவந்தான். இரவெல்லாம் புளியும் செங்கற்பொடியும் இட்டுத் தேய்த்திருந்தான். புதுக்குடம்போல் மின்னியது காசு, இருபுறமும் வழுவழுத்திருந்தது. பையன் முகத்தில் பெருமை. அக் கீற்றுகள் எழுத்தோ அல்லவோ, இனி எவராலும் சொல்ல இயலாது. தமிழ் கற்பிக்கச் சம்பளம் பெற்றவன், தமிழெழுத்தாய் இருந்திருக்கக்கூடிய ஒன்றைப் புளியிட்டுத் தேய்க்கச் சொன்னேன். அந்தப் பையன்மேல் குற்றமில்லை. அறியாமை ஆசிரியனுடையது.

அக் கீற்றுகள் என்னவாய் இருந்திருக்கக்கூடும் என்பதைப் பின்னரே கற்றேன். பெருவழுதி என்று தமிழி எழுத்தில் பெயர் பொறித்த பாண்டியர் செப்புக்காசு 1980-களில் அறிஞர் பார்வைக்கு வந்தது. கரூர் அமராவதி ஆற்றுப்படுகையிலிருந்து மாக்கோதை, குட்டுவன் கோதை என்னும் சேரர் பெயர் பொறித்த வெள்ளிக்காசுகள் வெளிப்பட்டன. இவற்றைத் தேடித் தொகுத்து ஆராய்ந்தவர் இரா. கிருட்டிணமூர்த்தி, கழகக் காலத் தமிழ்க் காசுகள் பற்றிய அவர் ஆங்கில நூல் 1997-இல் வெளிவந்தது. "தமிழ் வேந்தர்க்குத் தம் காசே இல்லை" என்றிருந்தாரின் வாயை அடைத்தவை உள்ளங்கையளவும் இல்லாத இச் சிறு துண்டுகளே. எனினும் இக் காசுகளுட் பல ஆற்றுமணலிலிருந்தும் வணிகர் கைவழியும் வந்தவை. அகழ்வாய்வில் அடுக்கோடு கிடைத்தவை அல்ல. ஆகவேதான் அவற்றின் காலத்தைப் பற்றி அறிஞர் இன்றும் வழக்காடுகின்றனர். பெயர் கிடைத்தது, காலம் கைநழுவியது.

சேர்ந்து கிடைத்த புதையல் சேர்ந்தே இருத்தலின் பயனையும் காண்க. 1898-இல் புதுக்கோட்டைத் தனியரசின் கருக்காக்குறிச்சியில் உரோமப் பொற்காசுகள் 501 ஒருங்கே கிடைத்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் வேந்தன் தலைமேல் உளிவெட்டு இருந்தது. கடைசி வேந்தன் வெசுபேசியன். அவன் ஆண்டது கி.பி. 69 முதல் 79 வரை. ஆகவே, அப் புதையல் அவன் காலத்திற்கு முன் புதைக்கப்பட்டதன்று என்பது தெளிவு. 501-ஐயும் ஒருங்குவைத்து எண்ணியமையாலேயே இவ்வளவும் தெரிந்தது. ஒவ்வொன்றாய் ஐந்நூறு கைக்கு விற்றிருப்பின், உளிவெட்டுக் காசு 'பழுதுற்றது' என்று உருக்குக்குழிக்கே போயிருக்கும்.

"மண்ணுள் கிடந்து துருவேறி மக்குவதினும் எடுப்பது நன்றன்றோ?" என்பர் சிலர். இவ் வினாவில் ஓரளவு உண்மை உண்டு. ஏர் உழுது புரட்டிய மேல்மண்ணில் அடுக்கு முன்னரே கலைந்துவிட்டது. ஆண்டுதோறும் கொழு பட்டு அங்குள்ள காசும் தேயும். அங்கே எடுத்து, எடுத்த இடத்தைக் குறித்து, அலுவலரிடம் காட்டுவானாயின் அவன் காப்பவனே ஆவான். இங்கிலாந்தில் அதற்கு வழி செய்துள்ளனர். 1992-இல் ஆக்சுன் என்னும் ஊரில், உழவரொருவர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடச் சென்றவர் கருவி ஒலித்த இடத்தில் பொன்னும் வெள்ளியும் கண்டார். அவர் முற்றும் தோண்டவில்லை. நிறுத்திவிட்டுச் செய்தி சொன்னார். தொல்லியலார் வந்து முறைப்படி அகழ்ந்து 14,000-க்கு மேற்பட்ட உரோமக் காசுகளையும் நகைகளையும் கரண்டிகளையும் எடுத்தனர். அவை பெட்டியுள் அடுக்கப்பட்டிருந்த முறைகூடத் தெரிந்தது. 17.5 நூறாயிரம் பவுன் விலை கொடுக்கப்பட்டது. கண்டவர் அதனை உழவரோடு பகிர்ந்துகொண்டார்.

அதே நாட்டில் 2015-இல் இலெம்சுட்டர் அருகே இருவர், வைக்கிங்கர் காலப் புதையலைக் கண்டு மறைத்தனர். ஏறத்தாழ 300 காசுகள் இருந்திருக்கும் என்பர். வழக்கு முடிந்த 2019-இல் மீட்கப்பட்டிருந்தவை முப்பதளவே. இரு வேந்தர் அருகருகே அமர்ந்திருக்கும் அரிய காசுகளும் அவற்றுள் இருந்தன. ஆல்பிரெடு மன்னனுக்கும் மெர்சிய நாட்டு மன்னனுக்கும் இருந்த நட்பை அவை காட்டின. காணாமற் போனவை எதனைக் காட்டியிருக்கும் என்பதை யார் அறிவார்? அவ்விருவரும் சிறை புகுந்தனர், வரலாறு மீளவில்லை.

இனி நம் சட்டத்தைப் பாருங்கள். வெள்ளையர் 1878-இல் இயற்றிய புதையற் சட்டம், பத்து உருபாவிற்கு மேற்பட்ட புதையலைக் கண்டவன் மாவட்ட ஆட்சியர்க்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்றது. தெரிவியாதவனுக்கு ஓராண்டுவரை சிறை என்றது. அரசு அதனை எடுத்துக்கொள்ளின் தரவேண்டிய விலை என்ன? மாழையின் விலை, அதனோடு அதில் ஐந்திலொரு பங்கு! பொற்காசுக்கு இது பொருந்தலாம். பெருவழுதியின் செப்புக்காசுக்கு மாழைவிலை சில உருபாவே. வணிகனோ ஆயிரக்கணக்கில் கொடுக்கின்றான். வாய்மைக்குச் சில உருபா, மறைவுக்குப் பல ஆயிரம் என்று வைத்துவிட்டு, ஏழை ஏன் மறைக்கின்றான் என்று வினவுவது அறமாகுமோ? 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் தனியார் தொல்பொருளை நாடுகடத்துவதைத் தடுத்தது. வணிகர்க்கு உரிமம் வேண்டும் என்றது. கண்டெடுத்தவனுக்குத் தக்க விலை தருவது பற்றிய குறை அப்படியே நின்றது. இங்கிலாந்தோ தன் புதையற் சட்டத்தை 1996-இல் புதுக்கி, அங்காடி விலையை மதிப்பீட்டுக் குழு வகுக்கச் செய்தது. 1997 முதல் ஒற்றைக் காசையும் பதிவுசெய்ய அலுவலரை அமர்த்தியது. ஆண்டவன் தன் வீட்டில் திருத்திக்கொண்ட சட்டத்தை, ஆளப்பட்ட நாம் திருத்தாமல் சுமக்கின்றோம்!

ஆகவே நாம் வேண்டுவன இவை:

ஒன்று: தொல்மேடுகளிலும் ஆற்றங்கரைத் தொல்லூர்களிலும் இசைவின்றி மாழைகாட்டி கொண்டு தேடுவது தடுக்கப்பட வேண்டும்.

இரண்டு: கண்டெடுத்ததை ஒளியாது காட்டுவார்க்கு மாழைவிலையன்று, அறிஞர் குழு வகுக்கும் மதிப்பே தரப்பட வேண்டும்.

மூன்று: மாவட்டந்தோறும் அருங்காட்சியகத்தில் காசு பதிவுசெய்ய ஒருவர் அமர்த்தப்பட வேண்டும், வருவாரைக் கள்வரைப்போல் வினவாமல் வரவேற்க வேண்டும்.

நான்கு: இஃது அரசுக்கன்று, நமக்கு. ஆசிரியரே! மாணவன் பழங்காசு கொணரின் துலக்கச் சொல்லாதீர். புளி வேண்டா, சாம்பல் வேண்டா, துணியால் தேய்த்தலும் வேண்டா. எங்கே கிடைத்தது, எவ்வளவு ஆழம், உடன் என்ன கிடந்தது என்று அவனையே எழுதச் செய்யுங்கள். மேலும் தோண்டாதே என்று சொல்லுங்கள். காசையும் தாளையும் ஒருங்கே அலுவலரிடம் சேர்ப்பியுங்கள்.

பிறர் கல்வெட்டைச் சிதைத்தனர், பிறர் ஏட்டை எரித்தனர் என்று மேடைதோறும் முழங்குகின்றோம். நம் கையால் தேய்ந்ததற்கு யாரைக் குறைகூறுவோம்? அந்த நாற்கோணக் காசு இன்றும் என் கண்முன் மின்னுகின்றது. அடுத்த காசேனும் மின்னாதிருக்கட்டும். களிம்போடு வந்து தன் பெயரைச் சொல்லட்டும்!