மாமல்லபுரம் மணலில் கிடக்கும் பாட்டில்: கடல் கரைக்காது, 10 ரூபாய் திருப்பிக் கொண்டுவரும்!

மாமல்லபுரம் கடற்கரையில் பிரதமர் மோடி குப்பை பொறுக்கிய வீடியோ 2019 அக்டோபரில் நாடு முழுக்கச் சுற்றியது. சுற்றுலா வருபவர்கள் வீசும் தண்ணீர் பாட்டில் மட்டும் இன்னும் நின்றபாடில்லை. ‘வெயில், உப்பு, அலை எல்லாம் சேர்ந்து கரைச்சுடாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. கரைக்காது. காரணம், பாட்டிலுக்குள் இருக்கும் படிகங்கள்.

தண்ணீர் பாட்டில் ‘பெட்’ என்ற பிளாஸ்டிக். சட்டைத் துணியில் இருக்கும் அதே பாலியஸ்டர்தான். இதன் மூலக்கூறுகள் நீளமான சங்கிலிகள். உருகிய நிலையில் வெந்த நூடுல்ஸ் மாதிரி சிக்கிக் கிடக்கும். சட்டென்று குளிர்வித்தால் அந்தச் சிக்கல் அப்படியே உறைந்து, கண்ணாடி போலத் தெளிவாகிவிடும். மெதுவாகக் குளிர்வித்தால் சங்கிலிகள் மடிந்து மடிந்து மெல்லிய தகடுகளாக அடுங்கும். அவை ஒரு மையத்திலிருந்து வளர்ந்து நுண்ணிய உருண்டைகளாகும். இவை ஒளியைச் சிதறடிப்பதால் பிளாஸ்டிக் வெள்ளையாகிவிடும்.

பாட்டில் செய்வது மூன்றாவது வழியில். சோதனைக் குழாய் போன்ற சின்ன அச்சை சுமார் 100 டிகிரிக்குச் சூடாக்கி, இழுத்து, காற்றடித்து ஊதுகிறார்கள். இழுத்த திசையில் சங்கிலிகள் வரிசை கட்டி, மிகச் சிறிய படிகங்கள் உருவாகின்றன. ஒளியைச் சிதறடிக்க முடியாத அளவு சிறியவை என்பதால் பாட்டில் தெளிவாகவே இருக்கிறது. சோடாவின் அழுத்தத்தைத் தாங்கும் பலமும் இதனால்தான்.

அந்தப் பலம்தான் மணலில் பிரச்சினை. பெட் பிளாஸ்டிக்கைத் தின்னும் பாக்டீரியாவை ஜப்பான் விஞ்ஞானிகள் 2016-ல் அறிவித்தார்கள். ஆனால் அது தின்றது படிகம் மிகக் குறைவான மெல்லிய தாளை. நெருக்கமாக அடுங்கிய படிகத்துக்குள் நொதிகள் நுழைவது கஷ்டம். தவிர, பெட் கடல்நீரைவிடக் கனமானது. மூடி கழன்று நீர் புகுந்தால் மூழ்கிவிடும். கரையில் தெரிவது மொத்தக் குப்பை அல்ல.

இதே பாட்டில் சுத்தமாகக் கிடைத்தால் சரக்கு. சுமார் 250 டிகிரியில் உருக்கி, நூலாக இழுத்தால் மறுபடியும் படிகம் உருவாகும். ஆனால் ஈரத்தோடு உருக்கினால் சங்கிலிகள் அறுந்து பலம் குறையும். மணலும் உப்பும் ஏறிய பாட்டிலுக்குக் காயலாங்கடையில் என்ன விலை கிடைக்கும்? ஆக, மணலைத் தொடும் முன்பே பிடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் உள்ள தடை, தண்ணீர் பாக்கெட்டைத் தொட்டது, பாட்டிலைத் தொடவில்லை. 2022-ல் திருத்தப்பட்ட மத்திய விதிகள், கெட்டி பிளாஸ்டிக் பேக்கேஜிங்கில் 2025-26 முதல் 30 சதவீதம் மறுசுழற்சிப் பொருள் இருக்க வேண்டும் என்கின்றன. தேவை வந்தாச்சு, சுத்தமான சரக்குதான் வேண்டும்.

வழியும் தெரிந்ததுதான். நீலகிரி டாஸ்மாக் கடைகளில் 2022-ல் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. அதைத் தண்ணீர் பாட்டிலுக்கு மாமல்லபுரத்தில் தொடங்கலாம். கடைக்காரருக்குச் சுமை என்ற ஆட்சேபம் நியாயமானதே. அந்தச் செலவைப் பாட்டில் நிறுவனங்கள் ஏற்கட்டும். 10 ரூபாய் கிடைக்கும் என்றால், வீசியவர் எடுக்காவிட்டாலும் வேறொருவர் எடுப்பார்.