ழகரத்திற்கு ‘இசட்’ எதற்கு?



சென்ற வாரம் கணினி அறையில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனிடம் ‘பழம்’ என்று தட்டச்சு செய்யச் சொன்னேன். “ஆசிரியர், ழகரத்திற்கு ‘இசட்’ தானே அடிக்க வேண்டும்?” என்று கேட்டான். முதலாம் ஆண்டு முதல் நாவை மடித்துச் சொல்லிப் பழக்கிய ழகரம், கணினியின் முன் அமர்ந்ததும் ‘இசட்’ ஆகிவிட்டது. பிழை அவனுடையதன்று, உரோமன் எழுத்துவழித் தட்டச்சே போதும் என்றிருந்த நம்முடையது.

அம்முறையில் சிறிய ‘எல்’ லகரம். பெரிய ‘எல்’ ளகரம். சிறிய ‘என்’ னகரம். பெரிய ‘என்’ ணகரம். லகர, ளகர, ழகர வேறுபாட்டிலும் ணகர, னகர வேறுபாட்டிலும்தான் நம் பிள்ளைகள் மிகுதியாக இடறுகின்றனர். அவ்விடத்திலேயே அயலெழுத்தை ஊன்றுகோலாகக் கொடுப்பது முறையா? தமிழ்ச் சொல்லை எண்ணி, அதை ஆங்கில எழுத்துகளாக உடைத்து, மீண்டும் தமிழாகத் திரையில் காண்பது சுற்றுவழி அன்றோ?

வேறு வழி இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளலாம். வழி இருக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம்99 மாநாட்டில் உருப்பெற்ற தமிழ்99 விசைப்பலகையைத் தமிழ்நாடு அரசு அவ்வாண்டே ஏற்றது. இதன் அமைப்பு நம் இலக்கணப் பாடமே. உயிரெழுத்துகள் இடக்கையில்; மெய்களுள் பெரும்பாலானவை வலக்கையில். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் ஆகிய 31 எழுத்துகளைக் கொண்டு 247 எழுத்துகளும் பிறக்கின்றன. ககர விசையை அடுத்து இகர விசையை அழுத்தினால் ‘கி’. ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். ‘பந்து’ எழுத ப, ந, த, உ என நான்கு விசைகள் போதும். உரோமன் வழியில் ஆறு வேண்டும்.

இதற்கு எழும் மறுப்புரைகளையும் பார்ப்போம்.

1. “விசைகளின்மேல் தமிழெழுத்து இல்லையே!” உண்மைதான். எழுத்து ஒட்டிகளை ஒட்டலாம். அட்டையில் வரைந்து கணினி அருகில் வைக்கலாம். சில வாரங்களில் விரல்களே இடத்தை அறிந்துகொள்ளும்.

2. “மென்பொருளுக்கு எங்கே போவது?” நம் நாட்டவரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில் இரு முறைகளும் உண்டு. 2013இல் வெளிவந்த ஐஓஎஸ் 7 முதல் ஐபோனிலும் தமிழ்99 உள்ளது. லினக்சு, விண்டோஸ் கணினிகளிலும் அமைப்புப் பகுதியில் விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

3. “பேசினாலே எழுதிவிடுகிறதே!” எழுதுகிறது, பிழையாகவும் எழுதுகிறது. அப்பிழையைக் கண்டறிய எழுத்தறிவு வேண்டாமா?

4. “ஆங்கில விசைப்பலகையைத்தான் பிள்ளைகள் ஏற்கெனவே அறிவார்களே!” ஆம், பெரியவர்களாகிய நாம் உரோமன் வழியில் தட்டுவதை நான் குறைகூறவில்லை. நானும் பல்லாண்டு அவ்வாறே தட்டியவன். என் கவலை, எழுத்தை இப்போதுதான் நெஞ்சில் பதித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பற்றியது.

நம் சீன அண்டை வீட்டாரைக் கேளுங்கள். உரோமன் வழியில் தட்டிப் பழகி, கையால் எழுத முனையும்போது எழுத்து மறந்துபோவதைக் குறிக்க அவர்கள் மொழியில் ஒரு சொற்றொடரே இருக்கிறது. தமிழெழுத்துகள் எண்ணிக்கையில் குறைவு. அத்தனை இடர் நமக்கு வாராது. ஆயினும், எழுத்தைத் தொடாமலே எழுதும் பழக்கம் நல்லதன்று.

யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா மண்ணில் வாழ்ந்த முத்தையா, தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைப்பலகை வகுத்தார். எந்திரத்தைத் தமிழுக்கு ஏற்ப மாற்றினாரேயன்றித் தமிழை எந்திரத்திற்கு ஏற்ப மாற்றவில்லை. நாமோ, மாற்றியமைக்கப்பட்ட கருவி கையில் இருந்தும் பயன்படுத்தாதிருக்கிறோம்.

ஆசிரியர்களே, கணினி வகுப்பில் முதல் பத்து நிமிடங்களைத் தமிழ்99க்கு ஒதுக்குங்கள். பெற்றோர்களே, அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். வீட்டுக் கணினியிலும் கைப்பேசியிலும் இன்றே நிறுவுங்கள். 1816இல் தமிழ் வகுப்புத் தொடங்கிய பினாங்கு மண்ணில், தமிழ்ப் பிள்ளை ழகரத்தை ழகரமாகவே தட்டட்டும்.