தெருத் திடலும் மதிப்பெண் அட்டையும்

பிள்ளை விளையாடச் சென்றால் படிப்புக் கெடும் என்று அஞ்சும் பெற்றோரும், ஓடியாடினால்தான் உடலும் உள்ளமும் தேறும் என்று வாதாடும் பெற்றோரும் எல்லாப் பங்குகளிலும் இருக்கின்றனர். இவ்விரு திறத்தாரும் அறிந்திருக்க வேண்டிய மனிதர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ஹோல்கோம் ரக்கர். நியூயார்க் மாநகரில், கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் வளர்ந்தவர். இளவயதிலேயே மறைந்துவிட்டார்.

இரண்டாம் உலகப் போரில் படைவீரராகப் பணியாற்றித் திரும்பிய ரக்கர், நகரப் பூங்காத் துறையில் விளையாட்டுத் திடல் ஒன்றின் பொறுப்பாளராக அமர்ந்தார். கோடை விடுமுறையில் தெருவே கதியெனத் திரிந்த சிறுவர்களைக் கூட்டிக் கூடைப்பந்துப் போட்டிகளை நடத்தலானார். கட்டணம் இல்லை, அரங்கமும் இல்லை, தார்த் தரையும் இரும்பு வளையங்களுமே இருந்தன. ஆனால் ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது. ஆட வரும் சிறுவன் தன் மதிப்பெண் அட்டையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். பின்தங்கியவனை அவர் விரட்டிவிடவில்லை. உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார். கற்றவன் ஒவ்வொருவனும் மற்றொருவனுக்குக் கற்பிக்க வேண்டும் என்பதே அவருடைய போட்டியின் நெறி. எழுநூறுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் கல்லூரி உதவித்தொகை பெற அவர் துணைநின்றார் என்பர். பிறரைப் படிக்கவைத்துக்கொண்டே தாமும் படித்து, 1962ஆம் ஆண்டில் பட்டம் பெற்று, ஆங்கில ஆசிரியரானார். 1965இல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று.

கூடைப்பந்து தோன்றியது தெருவிலன்று. 1891ஆம் ஆண்டுக் கடுங்குளிரில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் மூடிய கூடத்துக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் வகுத்த ஆட்டம் அது. பீச் பழக்கூடைகளை மாடத்தில் தொங்கவிட்டு ஆடினர். (அதே நிறுவனத்திலிருந்து வந்த ஹாரி குரோ பக் என்பவர்தாம் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். அவ்வகையில் நமக்கும் அவ்வூரோடு உறவுண்டு.) ஒரு பந்தும் ஒரு வளையமும் போதுமானதால், நிலமும் பணமும் இல்லாதோரிடம் இவ்வாட்டம் விரைந்து பரவிற்று. தெருவுக்கென்று ஒரு சட்டமும் பிறந்தது. வென்ற அணி திடலில் நிற்கும். தோற்ற அணி வெளியேறி, மீண்டும் தன் முறை வரும்வரை காத்திருக்கும். வரிசையில் பத்துப் பேர் நிற்கையில் ஒருமுறை தோற்றால் அன்றைய மாலையே போய்விடும். ஆகவே ஒவ்வோர் ஆட்டத்தையும் இறுதிப் போட்டியாக எண்ணியே ஆடினர். பார்த்து நிற்போர் வாய்விட்டு மெச்சுவர், வாய்விட்டு எள்ளுவர். அந்தச் சூளையில் வெந்து வந்தவன் பிற்காலத்தில் எந்த அரங்கத்துக்குத்தான் அஞ்சுவான்?

நாளடைவில் ரக்கரின் போட்டிக்குத் தொழில்முறை ஆட்டக்காரர்களும் கோடையில் வந்தாடத் தொடங்கினர். ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்த வில்ட் சேம்பர்லெய்ன் வந்தார். 1970களின் தொடக்கத்தில் ஜூலியஸ் எர்விங் வந்தபோது, மரக்கிளைகளிலும் வீட்டுக் கூரைகளிலும் ஏறிநின்று மக்கள் பார்த்தனர். ரக்கர் மறைந்தபின் போட்டியைத் தாங்கியவர்கள் அவர் வளர்த்த பிள்ளைகளே. அவர்களுள் ஒருவரான பிரெட் கிராஃபோர்டு, பிரான்சிஸ்கன் துறவியரின் புனித பொனவெந்தூர் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 155ஆம் தெருவிலுள்ள அத்திடலுக்கு 1974இல் ரக்கரின் பெயரே இடப்பட்டது.

திறமை இருந்தும் வாயில் அடைக்கப்பட்டோரும் அத்திடலில் ஆடினர். புரூக்ளினில் வறுமையில் வளர்ந்த கானி ஹாக்கின்ஸ் அவர்களுள் ஒருவர். 1961ஆம் ஆண்டில், பணம் பெற்றுக்கொண்டு ஆட்டத்தில் புள்ளிகளைக் குறைத்துவிடும் ஊழல் வெளிப்பட்டபோது அவரையும் விசாரித்தனர். அவர் அப்போது அயோவா பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர். முதலாண்டினர் கல்லூரியின் முதன்மை அணியில் ஆட அக்கால விதி இடந்தரவில்லை. ஆடவே இயலாதவன் எந்த ஆட்டத்தை விற்க முடியும்? ஊழலின் சூத்திரதாரியிடம் 200 டாலர் கடன் வாங்கியிருந்தார் என்பதே அவர்மீது விழுந்த கறை. அத்தொகையும் திருப்பித் தரப்பட்டிருந்தது. வழக்கொன்றும் தொடரப்படாமலே கல்லூரி அவரை அனுப்பிவிட்டது; தொழில்முறைச் சங்கமும் கதவை மூடிற்று. வேடிக்கை காட்டும் குழுவிலும் சிறு சங்கங்களிலும் ஆடிப் பிழைத்தார். நீதிமன்றத்தில் போராடி 1969இல் அவர் சங்கத்துக்குள் நுழைந்தபோது வயது 27. இளமையின் நல்ல பகுதி போய்விட்டிருந்தது. வழக்கறிஞரின் எண் தெரியாத ஏழைச் சிறுவனுக்குச் சந்தேகமே தண்டனையாகிவிடுவதை நாம் வேறிடங்களிலும் காண்கிறோம்.

இனி, ஒரே காலத்தில் அத்திடல்களில் ஆடிய இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதல்வர் லூ அல்சிண்டர், கத்தோலிக்கக் குடும்பத்து ஒரே பிள்ளை. தந்தை போக்குவரத்துக் காவல் பிரிவில் பணியாற்றியவர். புனித யூதாவின் பெயரால் அமைந்த பங்குப் பள்ளியிலும், பின்னர்க் கிறிஸ்தவ சகோதரர்கள் நடத்திய பவர் மெமோரியல் பள்ளியிலும் பயின்றார். அவர் அணி தொடர்ந்து 71 ஆட்டங்களில் வென்றது. ஏழடி இரண்டங்குல உயரம், கண்டிப்பான வீடு, கட்டுக்கோப்பான பள்ளி. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் கல்லூரிக்காக மூன்று முறை தேசிய வாகை சூடி, 1969 முதல் 1989 வரை தொழில்முறையில் ஆடி, 38,387 புள்ளிகள் குவித்தார். 2023ஆம் ஆண்டில் லெப்ரான் ஜேம்ஸ் முந்தும்வரை அதுவே உச்சம்.

உலகம் அவரைக் கரீம் அப்துல்-ஜப்பார் என்று அறியும். 1968இல் அவர் இஸ்லாமைத் தழுவினார். அல்சிண்டர் என்பது தம் முன்னோரை அடிமைகளாய் வைத்திருந்தவனின் பெயர் என்றும், அடிமை வணிகத்தில் கிறிஸ்தவர்களின் பங்கை வரலாற்றில் கற்றது தம்மை உலுக்கிற்று என்றும் அவரே எழுதியிருக்கிறார். பவர் பள்ளியில் படிக்கையில், ஓர் ஆட்டத்தின் இடைவேளையில், அவர் மதித்திருந்த பயிற்சியாளர் கறுப்பினத்தாரை இழிவுசெய்யும் சொல்லைக் கூறி அவரைச் சாடினார். உசுப்பிவிட்டால் நன்றாக ஆடுவான் என்பது பயிற்சியாளரின் கணக்கு. அந்தச் சொல்லை மாணவர் மறக்கவில்லை. கத்தோலிக்க இதழில் இதை எழுதுவது சிலருக்கு உறுத்தலாயிருக்கும். உறுத்தத்தான் வேண்டும், நம் பள்ளிகளில் சாதிப்பெயர் சொல்லிப் பிள்ளைகளை அதட்டுவோர் எவரும் இல்லையா?

இரண்டாமவர் எர்ல் மானிகால்ட். ஆறடி ஓரங்குலமே உயரமுள்ளவர். ஆயினும் அவர் எழும்பிய உயரத்தை ஹார்லெம் கதைகதையாய்ச் சொல்லும். பலகையின் மேல் விளிம்பில் வைத்த காசைத் தாவி எடுத்தார் என்பது அவற்றுள் ஒன்று. நம்பலாம், நம்பாமலும் விடலாம். பள்ளியிலிருந்து கஞ்சாவுக்காக வெளியேற்றப்பட்டவரை, வட கரோலினாவிலுள்ள வேறொரு பள்ளியில் ரக்கர் சேர்த்துவிட்டார். அங்கே படிப்பை முடித்தார். அடுத்துச் சேர்ந்த கல்லூரியில் ஒரு பருவத்துக்குமேல் நிலைக்கவில்லை. ஹார்லெமுக்குத் திரும்பினார். ஹெராயின் பிடித்துக்கொண்டது, பழக்கத்துக்குப் பணம் வேண்டித் திருடினார், இருமுறை சிறை சென்றார். தொழில்முறையில் அவர் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. 1989இல் ஓய்வு பெற்ற அப்துல்-ஜப்பாரிடம், நீர் கண்டவர்களுள் தலைசிறந்த ஆட்டக்காரர் எவர் என்று கேட்டபோது, அவர் கூறிய பெயர் மானிகால்ட்.

தாலந்து உவமையை இளைஞருக்குப் போதிக்கையில் நாம் புதைத்தவனையே சுட்டிக்காட்டுகிறோம். மானிகால்ட் புதைத்தவரல்லர், நாள்தோறும் தெருவில் அள்ளி இறைத்தவர். அவர் செய்த குற்றம் அவருடையதே, மறைப்பதற்கில்லை. எனினும் அவ்வுவமையில் வட்டிக்கடைக்காரர்களும் வருகிறார்கள். அல்சிண்டரின் தாலந்தை வாங்கிப் பெருக்கித் தரப் பெற்றோர், பங்குப் பள்ளி, பல்கலைக்கழகம் என்று வரிசையாகக் கடைகள் திறந்திருந்தன. மானிகால்ட்டின் தெருவில் திறந்திருந்த கடை ரக்கருடையது ஒன்றுதான். அவரும் 1965இல் போய்விட்டார்.

சிறையிலிருந்து மானிகால்ட் மீண்ட வரலாறு நேரானதன்று. முதல் விடுதலைக்குப் பின் திருந்தியவர் போலிருந்து மறுபடி விழுந்தார். இரண்டாம் முறை வெளிவந்து, தம் மகன்களுள் இருவரை அழைத்துக்கொண்டு, போதையின் நிழல் எட்டாதிருக்கத் தெற்கே சார்ல்ஸ்டனுக்குச் சென்றார். பின்னர், சிறுவர்களுக்காகவே நியூயார்க் திரும்பினார். போதையை விட்டு விலகி நடங்கள் என்னும் பொருள்படும் பெயரில், தாம் ஆடிய திடலிலேயே அவர்களுக்குப் போட்டி நடத்தினார். தன்னைப் போல் ஆகாதே என்று அவரே சொல்லும்போது எந்தச் சிறுவனும் எதிர்வாதம் பேசியிருக்க மாட்டான். 1998இல், தம் 53ஆம் வயதில், இருதயம் செயலிழந்து காலமானார்.

சிறுவயதில் ஆசிரியர் ஒருவர் அவர் பெயரைத் தவறாய் உச்சரித்ததால் ‘கோட்’, அதாவது வெள்ளாடு, என்னும் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டதாம். இறுதித் தீர்வையில் வெள்ளாடுகள் எப்பக்கம் நிற்கும் என்பதை நம் ஞாயிறு மறைக்கல்விப் பிள்ளைகளும் அறிவர். அவர் எப்பக்கம் நிற்கிறார் என்பதை ஆயருக்கெல்லாம் ஆயர் அறிவார். மன்ஹாட்டனில் ஆம்ஸ்டர்டாம் நெடுஞ்சாலையில், 98ஆம் தெருவையொட்டி அவர் போட்டி நடத்திய அந்தத் திடலுக்கு, அப்பகுதி மக்கள் வழங்கும் பெயர் கோட் பார்க் என்பதே.