தலைவலிக்குக் காதைச் சோதிப்பதா?

ஒற்றைத் தலைவலி வந்த மில் தொழிலாளிக்குத் தறிச் சத்தம் ஒவ்வொன்றும் சம்மட்டி அடி. வயலில் நிற்பவருக்கு வெயில் ஊசி. சத்தம் பொறுக்காத மூளையைச் சத்தத்தாலேயே சோதிக்க விஞ்ஞானிகள் முயன்றது நியாயமே.

தலையில் மின்கம்பிகளை ஒட்டி, காதில் 'டிக், டிக்' என்று ஆயிரம் முறைக்கு மேலும் ஒலிக்கச் செய்கிறார்கள். செவி நரம்பும் மூளைத்தண்டும் 10 மில்லி செகண்டுக்குள் பதில் தருகின்றன. மூளையின் மேற்பகுதி சற்றுப் பின்னால் தருகிறது. கம்ப்யூட்டர் அதை அலைகளாக வரைகிறது. ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் மற்றவர் மூளை பழகிவிடும், இந்நோயாளியின் மூளை பழகுவதில்லை என்று சில ஆய்வுகள் கண்டன. வேறு சில ஆய்வுகளில் அந்த வித்தியாசமே தென்படவில்லை.

ஆராய்ச்சி நடக்கட்டும்! ஆனால் வாரக் கூலியை இதற்குக் கட்டு என்று யாராவது சொன்னால் நாம் மறுக்கிறோம். இந்நோயைக் கேள்விகளாலேயே நிர்ணயிக்கிறார்கள். வலி 4 முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கிறதா? ஒரு பக்கமாக விண்விண்ணென்று தெறிக்கிறதா? குமட்டுகிறதா? வெளிச்சமும் சத்தமும் ஆகவில்லையா? 5 முறையாவது வந்ததா? (என்றுமில்லாத கடும் வலி திடீரென்று வந்தாலோ, கைகால் விளங்காமல் போனாலோ அது வேறு விஷயம், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.)

இதற்கு மெஷின் வேண்டாம், டாக்டர் உட்கார்ந்து கேட்கப் பத்து நிமிஷம் வேண்டும். இரண்டு நிமிஷத்தில் மாத்திரைச் சீட்டோடு அனுப்புகிற இடங்களில் அந்தப் பத்து நிமிஷத்தைக் கோருகிறோம். வலி வந்த அன்று இருட்டறையில் படுக்கச் சம்பளத்தோடு ஒரு நாள் லீவையும் கோருகிறோம்.